முன்னூத்திப் பதினேழு ஒண்ணு

அந்த மூலையில ஒண்ணு இருக்கக்கூடாது. வலது பக்கம், கீழே, கடைசி மூலை. அங்க வெறும் கருங்கல்தான் இருக்கணும், மூணு எழுத்துக்கு இடம் காலியா, வழவழன்னு. ஆனா மேடையோரத்து ஸ்டாண்டு ஃபேன் இந்தப் பக்கம் திரும்புறப்பல்லாம் கல்லை மூடியிருக்குற சிவப்பு வெல்வெட் திரையோட ஓரம் லேசா தூக்குது, தூக்குறப்ப அந்த மூலையில ஒரு ஒண்ணு தெரியுது, தங்க நிறம் பூசி, இப்பத்தான் குளிச்சுட்டு வந்த மாதிரி. ஃபேன் அந்தப் பக்கம் போயிருச்சு. திரை விழுந்துருச்சு. கண்ணு ஏமாத்தியிருக்கும். காலையில ஒரு இட்லிகூட இறங்கல, வெறும் காப்பிதான், வெறும் வயித்துல காப்பி குடிச்சா உனக்கு இல்லாததெல்லாம் தெரியும்னு இவரு கேலி பண்ணுவாரு, நாலாவது வரிசையில உக்காந்து போனை இப்பவே தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்காரே, என் வீட்டுக்காரர், அவருதான். இன்னும் இறைவணக்கமே முடியல, அதுக்குள்ள வீடியோ எடுக்காரு. மனுசனுக்கு அவ்வளவு சந்தோசம். புது கணிதக் கட்டடத்து வாசல்ல பதிச்ச கல்லு அது. திறப்பு விழாக் கல்லுன்னா மந்திரி பேரும் தேதியும்தானே இருக்கும், நம்ம கல்லுல ஒரு எண் இருக்கட்டும்னு சொன்னது நான். முன்னூத்திப் பதினேழு ஒண்ணு. ஒண்ணு ஒண்ணு ஒண்ணுன்னு முன்னூத்திப் பதினேழு தடவை எழுதினா வர்ற ஒரே பெரிய எண். வேற இலக்கமே கிடையாது. அதை ஒண்ணாலயும் அதாலயும் தவிர எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது, பகா எண். மேலே தலைப்பா ஒரு வரி, ‘எவராலும் பகுக்க இயலாத பகா எண்’னு. வரிசைக்கு இருபது, பதினஞ்சு வரிசைக்கு முன்னூறு, பதினாறாவது வரிசையில பதினேழு, மூணு இடம் காலி. நான்தான் கட்டம் போட்டு வரைஞ்சு கொடுத்தேன். அந்த மூலை நிறைஞ்சிருக்குன்னா முன்னூத்தி இருபது. முன்னூத்தி இருபதுன்னா போச்சு.

இரு, பதறாத. கல்லு வெட்டுன சுயம்பு கடைசி வரிசையை மட்டும் இடைவெளி விட்டு விட்டு வெட்டியிருக்கலாம்ல. பதினேழையும் இழுத்துப் பரப்பி இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் நிறுத்தியிருக்கலாம். கல்யாணப் பத்திரிகையில அப்படித்தானே அடிக்கிறாங்க. அப்படின்னா மூலையில ஒண்ணு வரும், எண்ணும் சரியா இருக்கும். அப்படித்தான் இருக்கும். அதுக்கு மேல் வரிசையில இருக்குற ஒண்ணும் கீழ இருக்குறதும் நேரா நிக்குதா, சாஞ்சு தள்ளி நிக்குதான்னு பாத்தாப் போதும். கோடியில ரெண்டும் நேராத்தான் நிக்கும், அதுக்கு அடுத்தது தள்ளி நிக்கணும். ஃபேன் திரும்புது. வா, வா. திரை தூக்குது. ஒரு ஒண்ணுதான் தெரியுது, அடுத்தது தெரியறதுக்குள்ள விழுந்துருச்சு. வேற மாதிரி வரிசை பிரிச்சிருப்பாரோ, வரிசைக்குப் பத்தொம்பது, வரிசைக்கு இருபத்தொண்ணுன்னு, அப்ப மூலை நிறையுமே. அட லூசு. அதுதானடி அந்த எண்ணிக்கையோட குணமே. முன்னூத்திப் பதினேழே ஒரு பகா எண். எத்தனை எத்தனையா நிறுத்தினாலும் கடைசி வரிசை மொட்டையாத்தான் நிக்கும். அதுவும் சும்மா இல்ல, ஒண்ணுகளோட எண்ணிக்கை பகா எண்ணா இருந்தாத்தான் அந்தப் பெரிய எண்ணுக்குப் பகா எண்ணா இருக்க வாய்ப்பே உண்டு. வரிசை சமமாப் பிரிஞ்சா எண்ணும் பிரிஞ்சிரும். நாலு ஒண்ணை ரெண்டு ரெண்டாப் பிரிச்சா, ஆயிரத்து நூத்திப் பதினொண்ணு, பதினொண்ணு இன்ட்டூ நூத்தியொண்ணு. அவ்வளவுதான் விசயம். போன வாரம் முதலாம் ஆண்டுக்கு முதல் வகுப்புல இதைத்தான் எடுத்தேன், கூழாங்கல்லை மேசையில பரப்பி, சமமா உக்கார வைங்க பாப்போம்னு. சிரிச்சுக்கிட்டே பரப்புனாங்க.

எட்டாவது படிக்கிறப்ப எங்க வகுப்புல நாப்பத்தியொரு பேரு. டிரில் மிஸ் நாலு நாலா நிக்கச் சொல்லுவாங்க, ஒருத்தி மிச்சம். அஞ்சு அஞ்சா நிக்கச் சொல்லுவாங்க, ஒருத்தி மிச்சம். எட்டு எட்டா, பத்துப் பத்தா, அப்பவும் ஒருத்தி மிச்சம், அந்த ஒருத்தி எப்பவும் நான், ஏன்னா நான்தான் உசரம், கடைசியில நிப்பேன். நீ ஓரமா நில்லுடின்னு சொல்லிருவாங்க. வெயில்ல ஓரமா நின்னுக்கிட்டு மத்தவளுக கையைத் தூக்கி இறக்குறதைப் பாத்துக்கிட்டு இருப்பேன். அப்ப எனக்கு அழுகையா வரும். பின்னாடி கல்லூரியில பகா எண்ணுன்னா என்னன்னு முழுசாப் புரிஞ்சப்ப, ஏளா, உன்மேல தப்பே இல்ல, நாப்பத்தியொண்ணோட குணம் அதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அந்த ஆறுதலுக்காகவே கணக்குல ஒட்டிக்கிட்டேன்னு நினைக்கேன். இங்க வந்தும் ஓரமாத்தான் நிக்கேன். ஒம்பது வருசமா உதவிப் பேராசிரியர், அடைப்புக்குறிக்குள்ள தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாசமும் புதுசா ஆர்டர் வருமா வராதான்னு ஆபீஸ் வாசல்ல நின்னு கிளார்க் முகத்தைப் பாத்து, அவரு சிரிச்சா உசுரு வரும். இந்த வருசம் நிரந்தரம். செயலர் தவசிமுத்து ஐயாவே கூப்பிட்டுச் சொன்னாரு, கல்லு யோசனை பிரமாதம்மா, திறந்து வச்ச கையோட மேடையிலேயே உங்களுக்கு ஆர்டர் கொடுத்துருவோம்னு. அந்த மஞ்சக் கவர் இப்ப அவரு மடியில இருக்கு. என் பேரை டைப் அடிச்சு ஒட்டியிருக்கு. அது என் கைக்கு வர்ற வரைக்கும் எதுவும் ஆகக்கூடாது.

பொன்னாடை போத்துறாங்க. சிறப்பு விருந்தினர் பேராசிரியர் லூர்துநாதன் குனிஞ்சு வாங்கிக்கிறாரு. சென்னையிலேர்ந்து வந்திருக்காரு, ஆயுசு முழுக்கப் பகா எண்ணோடயே குடும்பம் நடத்துன மனுசன். நான்தான் இவரையே கூப்பிடணும்னு சொன்னேன், அதுவும் என் வாய்தான். வேற யாரையாவது, ஒரு வங்கி மேலாளரையோ தாசில்தாரையோ கூப்பிட்டிருந்தா கல்லுல பத்து ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் கைதட்டிட்டு முறுக்கு சாப்பிட்டுப் போயிருப்பாங்க. இவரு எண்ண வேண்டாம். கயித்தை இழுத்ததும் நாலு பக்கமும் நிறைஞ்ச கட்டத்தைப் பாப்பாரு, பாத்த மாத்திரத்துல தெரிஞ்சிரும். முன்னூறு பிள்ளைங்க முன்னாடி என்கிட்ட திரும்பி, என்னம்மா இதுன்னு கேட்டா நான் எங்க போய் முட்டிக்குவேன். கணிதத்துறைக் கட்டடம், கணிதத்துறை வாசல், பகுக்க இயலாததுன்னு தலைப்பு, பாத்தா பதினொண்ணாலேயே வகுபடுது, அஞ்சாங்கிளாஸ் பிள்ளை வகுக்கும். பொன்னாடை எனக்கும் போத்துறாங்க. கழுத்துல குத்துது. வேர்வை முதுகுல ஓடுது. சாத்தூர் வெயிலுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்தது முட்டாள்தனம். சுயம்பு அன்னைக்குப் போன் பண்ணினாரே. விடைத்தாள் திருத்திக்கிட்டு இருந்தேன். மேடம், கடைசி வரிசை மொட்டையா நிக்குதே, பாக்க நல்லால்லையேன்னாரு. அப்படியே விடுங்கண்ணே, அதுதான் கணக்குன்னேன். எதுக்கும் ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்னாரு. சரின்னு வச்சுட்டேன். ஏன் சரின்னேன். வேண்டாம்ணே, ஐயாகிட்ட போகாதீங்கன்னு சொல்ல ஒரு நிமிசம் ஆகியிருக்குமா. ஃபேன் திரும்புது. தூக்கு, இன்னும் கொஞ்சம் தூக்கு. ஒண்ணு. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு, நெருக்கமா. ரொம்ப நெருக்கமா இருந்த மாதிரி இருந்துச்சே. இல்ல, தூரம் தெரியாது, பக்கவாட்டுலேர்ந்து பாத்தா எல்லாமே நெருங்கித்தான் தெரியும்.

ஐயா மைக்கைப் பிடிச்சுட்டாரு. ரெண்டு தடவை ஊதிப் பாக்குறாரு. வாழ்த்து, வணக்கம், கட்டடம் எழும்புன கதை, செங்கல் கதை, சிமெண்டுக் கதை. பேசுங்கய்யா, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க, சாயந்தரம் வரைக்கும் பேசுங்க. கல்லைப் பத்தி மட்டும் பேசாதீங்க. “இந்தக் கல்லைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” ங்கிறாரு. “போன வாரம் பட்டறைக்கு நானே நேர்ல போனேன். பாத்தா கடைசி வரிசையில மூணு எழுத்து கம்மி. என்னப்பா இதுன்னேன். மேடம் இப்படித்தான் வரைஞ்சு கொடுத்தாங்கன்னான். அவங்க பாவம், பேப்பர் திருத்துற அவசரத்துல விட்டிருப்பாங்க. நல்ல காரியம் நடக்குற இடத்துல, நம்ம வாசல்ல, குறை வைக்கலாமா? மூணையும் சேத்து வெட்டுறான்னேன். இப்ப பாருங்க, குறையில்லாம நிறைஞ்சு நிக்கப் போகுது.” கைதட்டுறாங்க. என் வீட்டுக்காரரும் போனைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத் தட்டுறாரு. ஐயா என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறாரு, தப்பை மூடி மறைச்சு உதவி செஞ்ச ஆளோட சிரிப்பு. நானும் சிரிக்கேன். கடவுளே, நானும் சிரிக்கேன். நிறைஞ்சு நிக்குது. அதுதான்யா அதோட வியாதி. குறையோட இருந்த வரைக்கும் அதை ஒருத்தரும் அசைக்க முடியாது. மூணே மூணு ஒண்ணைச் சேத்து அதை ஆயிரம் துண்டாப் போக விட்டுட்டீங்க. லூர்துநாதன் சார் இதைக் கேட்டாரா. கையில இருக்குற தாளைப் பாத்துக்கிட்டு இருக்காரு, தான் பேச வேண்டியதை முணுமுணுத்துக்கிட்டு. கேக்கலபோல. கேட்டிருந்தா தலை நிமிர்ந்திருக்கும்.

இப்ப எந்திரிச்சுப் போய் ஐயா காதுல சொல்லலாம். ஐயா, திறக்க வேண்டாம், இன்னொரு நாள் வச்சுக்கலாம்னு. சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். பொருளியல் துறை மகிழரசி சொன்னாளே. கல்லூரி ஆரம்பிச்ச வருசத்தை ஐயா மேடையில தப்பாச் சொல்லிட்டாருன்னு, அவ பேசுறப்ப சரியான வருசத்தைச் சொன்னா, அவ்வளவுதான், குத்திக் காட்டக்கூட இல்ல. ஐயாவும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாரு. அடுத்த ஜூன் மாசம் அவ ஆர்டர் வரல. இப்ப ஏதோ ஜவுளிக்கடையில பில் போடுறா, என்னைப் பாத்தா தெருவை மாத்திப் போயிருறா. மஞ்சக் கவர் மடியில இருக்கு. சொல்ல மாட்டேன். யாரு சொல்லுவா. பகுத்துக்கிட்டே போகுது மனசு, நிறுத்த முடியல, பதினொண்ணால வகுபடும், நூத்தியொண்ணால வகுபடும், நாப்பத்தியொண்ணால வகுபடும், பதினேழால வகுபடும், இருபது இருபதா அது தன்னைத்தானே வெட்டிக் கொடுக்குது, தொட்ட இடமெல்லாம் பிரியுது, வாசல்ல தங்க எழுத்துல நின்னுக்கிட்டுப் பகுக்க இயலாதுங்குது. என் பேரைக் கூப்பிடுறாங்க. எண்ணோட சிறப்பைப் பத்திச் சந்தனமாரி மேடம் அஞ்சு நிமிசம் பேசுவாங்க.

கால் நடக்குது. மைக் உசரத்தை யாரோ ஏத்திவிடுறாங்க. வாய் பேசுது, நான் எங்கயோ தள்ளி நின்னு கேக்கேன், நல்லாத்தான் பேசுது. ரெண்டு ஒண்ணு சேந்தா பதினொண்ணு, பகா எண். மூணு ஒண்ணு சேந்தா நூத்திப் பதினொண்ணு, அது மூணால வகுபடும், முப்பத்தியேழு மூணு. மூணு பகா எண்ணா இருந்தும் உதவல பாத்தீங்களா, எண்ணிக்கை பகா எண்ணா இருக்குறது தேவை, ஆனா அது மட்டும் போதாது. ஏழு ஒண்ணும் உடைஞ்சிரும். பத்தொம்பது ஒண்ணு நிக்கும், இருபத்திமூணு ஒண்ணு நிக்கும். அதுக்கப்புறம் எத்தனையோ வந்து வந்து உடைஞ்சு, முன்னூத்திப் பதினேழுலதான் மறுபடி ஒண்ணு நிக்குது. பிள்ளைங்க கேக்குறாங்க, நிசமாவே கேக்குறாங்க, பின் வரிசையில சலசலப்பு அடங்கிருச்சு. “முன்னூத்திப் பதினேழு ஒன்றுகள் கொண்ட எண் பகா எண்” ங்கிறேன். திரைக்குப் பின்னாடி இருக்குற எண்ணுன்னு சொல்லல. கவனமா, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வச்சு, பொய் சொல்லாமத் தாண்டிட்டேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல. கைதட்டு. வந்து உக்காந்துட்டேன்.

லூர்துநாதன் சார் கயித்தை இழுக்குறாரு. திரை கொஞ்சம் சிக்கி, அப்புறம் மொத்தமா விலகுது. வெயில் நேரா அதுமேல அடிக்குது, அவ்வளவும் மின்னுது, மேலேயும் கீழேயும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நேர்கோடா, அழகா. பாக்க அழகாத்தான் இருக்கு, பாவி. இடைவெளி எதுவும் இல்ல. கைதட்டுறாங்க, போட்டோக்காரர் சாரைத் திரும்பச் சொல்றாரு, சாரு திரும்பல. பாத்துக்கிட்டே நிக்கிறாரு. அவரு பார்வை மேலேருந்து இறங்கி அந்த மூலையில வந்து நின்னுச்சு. அவரு மெதுவாத் திரும்பி என் பக்கம் குனிஞ்சாரு. பவுடர் வாசனையும் ஏலக்காய் வாசனையுமா. “மூணு கூடிருச்சு போலயேம்மா” ன்னாரு, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி. “ஆமா சார்” னு சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா தெரியல. “விடுங்க. யாரு எண்ணப் போறா” ன்னு சொல்லிட்டு என் தோளைத் தட்டிட்டு கேமரா பக்கம் சிரிச்சாரு. அவ்வளவுதான். காலையிலேர்ந்து நான் செத்துச் செத்துப் பயந்தது அவ்வளவுதான். நிம்மதி வரணும். நெஞ்சு லேசாகணும். வரல. அவரு திட்டியிருந்தா பரவாயில்லன்னு இருக்கு. ஆயுசு முழுக்க அதையே கும்பிட்ட மனுசன் யாரு எண்ணப் போறாங்கிறாரு, நான் உள்ளுக்குள்ள அவருக்கு நன்றி சொல்றேன். ரெண்டும் எனக்கு அசிங்கமா இருக்கு.

ஐயா மஞ்சக் கவரோட எந்திரிச்சுட்டாரு. என் வீட்டுக்காரரு நாற்காலிமேல ஏறிட்டாரு, வீடியோவுக்கு மறைக்குதாம். அதுக்கு முன்னாடி பிள்ளைங்க சாருகிட்ட ஏதாவது கேக்கணும்னா கேளுங்கன்னு ஐயா பெருந்தன்மையாச் சொல்றாரு, யாரும் கேக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சு சொல்றது. ஒரு கை தூக்குது. மூணாவது வரிசை, ஓரம். முதலாம் ஆண்டுப் பிள்ளை. போன வாரம்தான் சேந்தவ, பேருகூட எனக்கு இன்னும் வரல. எந்திரிச்சு நிக்கிறா, பக்கத்துல இருக்கவ சுடிதாரைப் பிடிச்சு இழுக்குறா. “மேடம்” ங்கிறா, சாருகிட்ட இல்ல, என்கிட்ட. “எல்லா வரிசையும் சமமா முடியுதே மேடம். அப்ப ரெண்டு ரெண்டாப் பிரிச்சா பதினொண்ணால வகுபடும்ல?” சாரு தன் செருப்பைப் பாக்குறாரு. ஐயா சத்தமாச் சிரிக்கிறாரு, பாத்தீங்களா எங்க பிள்ளைங்களைன்னு, சிரிச்சுக்கிட்டே என் பக்கம் மைக்கை நீட்டுறாரு, ஒரு கையில மைக்கு, இன்னொரு கையில கவரு. “சொல்லுங்கம்மா.” மைக்கு வழுக்குது. ஆமாம்மா, நீ சொன்னது சரி. நாலே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்துருச்சு, நாக்கு நுனியில இருக்கு. ஐயாவோட கட்டைவிரல் என் பேருமேல இருக்கு. “திரும்ப நல்லா எண்ணிப் பாரும்மா” ன்னு சொன்னேன். ஸ்பீக்கர்ல என் குரல் கட்டடத்துல மோதித் திரும்பி வந்துச்சு, எவ்வளவு கனிவா இருந்துச்சு. யாரோ சிரிச்சாங்க, அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பிள்ளை கையை நெத்திமேல மறைப்பாப் பிடிச்சு, வெயில்ல கண்ணைச் சுருக்கி, உதட்டை அசைச்சு எண்ணப் பாக்குறா. அவ்வளவு தூரத்துலேர்ந்து யாரால எண்ண முடியும். முகம் சிவந்துருச்சு. அவ கல்லைப் பாக்குறதை விட்டுட்டு என்னைப் பாத்தா, நான் எங்கிட்டும் திரும்பல, நேராவே பாத்தேன், டீச்சர் பாக்குற மாதிரி. “சாரி மேடம். நான்தான் தப்பா எண்ணியிருப்பேன்” னா. “பரவாயில்லம்மா, உக்காரு” ன்னு மைக்குலயே அவளை மன்னிச்சுட்டு, கவரை வாங்க ரெண்டு கையையும் நீட்டினேன்.